கிண்டல் செய்கிற படம் எப்படி மெலோடிராமா ஆகும்? ‘ஷ்ரெக் 2’ பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, ‘ஷ்ரெக் 2’ என்ற அனிமேஷன் படத்தில் இருக்கும் மெலோடிராமா வழக்கங்கள் எவை, அதில் வரும் வார்ப்புப் பாத்திரங்கள், அதாவது பார்த்ததுமே இன்ன வகை என்று தெரிந்துவிடும் பாத்திரங்கள், யார் யார் என்பது. வகுப்புக் கட்டுரைக்கு வேண்டும் என்கிறீர்கள். இன்னொன்றைக் கடைசி வரியில் போகிறபோக்கில் போட்டிருக்கிறீர்கள்: படம் முழுக்கத் தேவதைக் கதைகளைக் கிண்டல்தானே செய்கிறது, அப்புறம் அதை எப்படி மெலோடிராமா என்று சொல்வது? உண்மையான கேள்வி இந்த இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. முதலாவதற்குப் பட்டியல் போடுவது பெரிய வேலை இல்லை. ஆனால் பட்டியலை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் ஆசிரியர் ‘சரி, அதனால் என்ன?’ என்று கேட்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன். அதனால் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு போகிறேன், வழியில் பட்டியலும் வந்துவிடும்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடக வரலாறு படித்தவன், பத்தொன்பதாம் நூற்றாண்டு மேடை நாடகங்களை வருடக்கணக்காக மாணவர்களோடு உட்கார்ந்து படித்தும் நடித்துப் பார்த்தும் வருகிறேன். அனிமேஷன் தொழில்நுட்பம் என் துறை இல்லை, அந்தப் பக்கமே போகமாட்டேன். இந்தப் படத்தை எடுத்தவர்கள் பழைய மெலோடிராமாக்களைத் தேடிப் படித்துவிட்டுத்தான் இப்படிச் செய்தார்கள் என்றும் சொல்லமாட்டேன். இரண்டு கதைகள் ஒரே மாதிரி நடை போடுகின்றன என்பதைக் காட்டுவது ஒரு வேலை. ஒன்றைப் பார்த்துத்தான் இன்னொன்று செய்யப்பட்டது என்று நிரூபிப்பது வேறு வேலை. நான் முதலாவதைத்தான் செய்கிறேன், நீங்களும் கட்டுரையில் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மெலோடிராமா என்றால் மிகை நடிப்பு, கண்ணீர், கத்தல் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அதெல்லாம் அதில் உண்டு, ஆனால் அது அதன் அடையாளம் இல்லை. மேடை வடிவமாக அது நிலைபெற்றது பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்திய பாரிஸில். கில்பேர் த பிக்ஸெரெகூர் எழுதிய ‘செலினா’ 1800-இல் அங்கே மேடையேறியது. இரண்டே வருடத்தில் தாமஸ் ஹோல்கிராஃப்ட் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து லண்டன் கோவன்ட் கார்டனில் போட்டார், ‘எ டேல் ஆஃப் மிஸ்டரி’ என்ற பெயரில். ஆங்கில மேடையில் மெலோடிராமா என்று தன்னைச் சொல்லிக்கொண்ட முதல் நாடகம் அதுதான் என்பார்கள். பாத்திரம் உள்ளே வரும்போது ஒரு இசை, ஆபத்து நெருங்கும்போது ஒரு இசை, உணர்ச்சி முற்றும்போது எல்லாரும் சிலை மாதிரி உறைந்து நிற்க அதற்கொரு இசை. இசை இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு அழகியல் மட்டும் காரணம் இல்லை, சட்டமும் ஒரு காரணம். லண்டனில் வசன நாடகம் போடும் உரிமை 1843 வரை ஓரிரு பெரிய அரங்குகளிடம்தான் இருந்தது, சின்ன அரங்குகள் பாட்டையும் வாத்தியத்தையும் சேர்த்துத்தான் நாடகம் காட்ட முடிந்தது. தான் எழுதுவது படிக்கத் தெரியாதவர்களுக்காக என்று பிக்ஸெரெகூர் சொன்னதாக ஒரு வாசகம் எல்லாப் புத்தகத்திலும் வரும். அவர் வாயால் அதே சொற்களில் சொன்னாரா என்பதை விட்டுவிடுவோம், அவருடைய நாடகங்கள் அப்படித்தான் இருந்தன. யார் நல்லவன், யார் கெட்டவன் என்பது வசனம் புரியாதவருக்கும் புரிய வேண்டும்.

அதுதான் இந்த வடிவத்தின் மையம். இலக்கிய ஆய்வாளர் பீட்டர் புரூக்ஸ் 1976-இல் மெலோடிராமா பற்றி எழுதிய புத்தகத்தின் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: நன்மை தீமையை நிர்ணயிக்கும் பழைய அதிகாரங்கள் ஆட்டம் கண்ட காலத்தில், அவற்றை மேடையில் கண்ணுக்குத் தெரியும்படி செய்து காட்டுகிற வேலையை மெலோடிராமா எடுத்துக்கொண்டது. களங்கமில்லாத ஒருவர் மேல் பழி விழும், உண்மை அமுக்கப்படும், கடைசியில் எல்லார் முன்னிலையிலும் அது வெளியே வரும். கத்தலும் கண்ணீரும் அந்த வெளிவருதலுக்கான வழிகள், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் ‘சிரிப்புப் படம் எப்படி மெலோடிராமா ஆகும்’ என்ற சிக்கல் பாதி அவிழ்ந்துவிடும், ஏனென்றால் சிரிப்புக்கும் இந்த அமைப்புக்கும் அடிப்படையில் சண்டையே இல்லை. பழைய மெலோடிராமாக்களில் காமெடியனுக்கு நிரந்தர வேலை இருந்தது.

வேலை என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் கால நாடகக் கம்பெனிகள் நடிகர்களை வேஷ வகைப்படிதான் சேர்த்தன. நாயகன், நாயகி, வில்லன், கண்டிப்பான அல்லது தடுமாறும் அப்பா, வயதான பெண்மணி, காமெடியன், துடுக்கான வேலைக்காரப் பெண் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வகை. ராஜபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று நாம் சொல்கிறோமே அதே ஏற்பாடு. நாடகம் அடிக்கடி மாறும், ஒத்திகைக்கு நேரம் கிடையாது, புதிய நாடகம் கையில் வந்தால் தன் வகை எது என்று நடிகருக்கு உடனே தெரிய வேண்டும். வார்ப்புப் பாத்திரத்தைச் சோம்பேறி எழுத்து என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆள் யார் என்று விளக்கும் நேரம் மிச்சமாவதால்தான் கதை அந்த வேகத்தில் ஓடுகிறது. தேவதைக் கதைக்கும் இதே வசதி இருக்கிறது. சித்தி என்றால் போதும், அவள் எப்படிப்பட்டவள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது படத்துக்கு வருவோம். எல்லாரும் நாயகனான ஷ்ரெக் என்ற ராட்சதனிலிருந்து தொடங்குவார்கள். நான் அவன் மனைவி ஃபியோனாவின் அப்பா, ராஜா ஹெரால்டிடமிருந்து தொடங்கச் சொல்வேன். ஜோக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு அவர் கதையை மட்டும் சொல்லிப் பாருங்கள். பெரிய இடத்து மனிதர் ஒருவர். பழைய ரகசியம் ஒன்று அவருக்கு இருக்கிறது. அதை அறிந்த ஒருத்தி தன் மகனுக்கு அவர் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று வாக்கு வாங்கியிருக்கிறாள். பெண்ணோ தனக்குப் பிடித்த, அந்தஸ்தில் ஒட்டாத ஒருவனோடு வந்து நிற்கிறாள். ரகசியம் வெளியே போய்விடும் பயத்தில் மருமகனையே தீர்த்துக்கட்ட அவர் கூலிக்கு ஆள் பிடிக்கிறார். 1830-களின் மேடையில் இதை அப்படியே போடலாம், ஒரு வரி மாற்ற வேண்டாம். அங்கே ரகசியம் ஒரு கள்ளக் கையெழுத்தாகவோ அடமானப் பத்திரமாகவோ இருக்கும். இங்கே அவர் ஒரு காலத்தில் தவளையாக இருந்தவர் என்பது ரகசியம். ‘எ டேல் ஆஃப் மிஸ்டரி’யில் பேச முடியாத ஒரு மனிதர் வருவார், அவர்தான் நாயகியின் உண்மையான தந்தை என்பது பின்னால் தெரியும். ஹெரால்டுக்கு நாக்கு இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டிய ஒரே விஷயத்தைத்தான் அவரால் படம் முடியும்வரை சொல்ல முடியவில்லை.

ரகசியம் அறிந்த அந்த ஒருத்திதான் ஃபேரி காட்மதர், மந்திரக்கோல் வைத்திருக்கும் தேவதை. அவள் ஹெரால்டை மிரட்டும் காட்சியைக் கட்டாயம் திரும்பப் பாருங்கள். இரவு, அவள் வண்டிக்குள் ஏறச் சொல்கிறாள், உள்ளே மகன் பிரின்ஸ் சார்மிங், பக்கத்தில் அடியாட்கள். ஒப்பந்தத்தை நினைவுபடுத்துகிறாள். எனக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்ய வைக்கிறாய் என்று குரல் உயர்த்துகிறாள், ஹெரால்ட் நடுங்குகிறார், நாமும் மந்திரக்கோலை எதிர்பார்க்கிறோம். வண்டி ஒரு துரித உணவுக் கடை ஜன்னலில் போய் நிற்கிறது, அவள் டயட்டை மறந்து சாப்பிட ஆர்டர் கொடுக்கிறாள். சிரிக்கிறோம். ஆனால் கவனியுங்கள், மிரட்டல் ரத்தாகவில்லை. சிரிப்பு முடிந்ததும் அது அங்கேயேதான் இருக்கிறது, ஹெரால்ட் இறங்கிப்போய்க் கூலிக்காரனைத் தேடுகிறார். இந்தப் படத்தின் முறையே இதுதான்: கேலி காட்சியின் மேல்பரப்பில் நடக்கிறது, காட்சி கதைக்குச் செய்ய வேண்டிய வேலையை அது தொடுவதில்லை. அப்பாவின் பயத்தையும் படம் கேலிக்குரியதாக ஆக்கியிருந்தால் உச்சக்காட்சியில் அவர் செய்வதற்கு மதிப்பே இருந்திருக்காது.

வில்லியைப் பற்றி இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மெலோடிராமாவில் கதையை நகர்த்துகிறவர் எப்போதும் வில்லன்தான். திட்டம் போடுவது, பொய்க் கடிதம் எழுதுவது, ஆள் கடத்துவது எல்லாம் அவர். நாயகன் பெரும்பாலும் ஏமாறுவான், தவறாகப் புரிந்துகொள்வான், சிறைக்குப் போவான். ஷ்ரெக் இந்தப் படத்தில் செய்வதும் அதுதான், ‘நாயகன் ஏன் இவ்வளவு மந்தம்’ என்று குறைப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில். ஆனால் காட்மதரிடம் புதிதாக ஒன்று இருக்கிறது. அவள் எப்படி அறிமுகமாகிறாள்? ஃபியோனாவின் ஒரு துளிக் கண்ணீர் விழுந்து, அது குமிழியாகி, அதிலிருந்து வருகிறாள். மெலோடிராமாவில் கண்ணீர் தூய்மைக்குச் சாட்சி, உதவியைக் கூப்பிடும் மணி. இங்கே அது வில்லியை அழைத்துவருகிறது. அப்புறம் ஷ்ரெக் அவள் தொழிற்சாலைக்குப் போகும்போது அவள் கதைப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் காட்டுகிறாள்: இதில் ராட்சதன் இல்லை, இதில் இல்லை, இதிலும் இல்லை, ராட்சதர்கள் என்றைக்கும் சுகமாக வாழ்ந்ததாகக் கதையே கிடையாது. அதாவது யாருக்கு எந்த வேஷம் என்ற விதியைக் காவல் காக்கிறவளே வில்லி. உன் வகைக்குள் இரு என்று நாயகனிடம் சொல்வதுதான் அவள் செய்யும் கொடுமை.

என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. வார்ப்புப் பாத்திரங்களைக் கேலி செய்வதற்காக இந்தப் படம் மெலோடிராமாவை விட்டு வெளியே போவதில்லை. வார்ப்பையே வில்லியாக்கி, அவளை மெலோடிராமாவின் சொந்த விதிப்படி தோற்கடிக்கிறது. நல்லவன் மேல் பழி, முகமூடி போட்ட தீமை, கடைசி நிமிட மீட்பு, சபையில் உண்மை வெளிப்படுதல், எல்லாமே கேலியில்லாமல் இயங்குகின்றன. எந்த உருவம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் மட்டும்தான் மாற்றம்.

அந்த மாற்றம் சார்மிங்கிடம் நன்றாகத் தெரியும். அவன்தான் படத்தின் தொடக்கத்தில் கதை சொல்கிறான், குதிரையில் பாலைவனமும் பனியும் கடந்து கோபுரத்துக்கு வருகிறான், தலைக்கவசத்தைக் கழற்றி முடியை உதறுகிறான். உள்ளே தலைமுடிக்கு வலை போட்டிருந்தான் என்பது முதல் குறிப்பு. கட்டிலில் இளவரசிக்குப் பதில் ஓநாய். நாயக வேஷத்துக்கு வேண்டிய எல்லாம் அவனிடம் இருக்கிறது, நாயகன் மட்டும் இல்லை. அழகன்தான் அயோக்கியன் என்ற தலைகீழாக்கம் இந்தப் படத்தின் கண்டுபிடிப்பு இல்லை, 1991-இன் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ படத்தில் கஸ்தோன் ஏற்கெனவே அப்படித்தான். தலைகீழாக்குவதும் ஒழிப்பதும் ஒன்றல்ல என்பதையும் கட்டுரையில் சொல்லுங்கள். பளபளப்பான முடியைப் பார்த்ததுமே ‘இவன் சரியில்லை’ என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது என்றால், தோற்றத்தை வைத்து ஆளை எடைபோடும் பழைய வழக்கம் அப்படியே உயிரோடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? குறியீட்டின் அர்த்தம் மாறியிருக்கிறது, குறியீடு போகவில்லை.

காமெடி பாத்திரங்கள் இரண்டு. கழுதை நேரடியான காமெடியன், வாயாடி, எஜமானனை விட்டுப் போகாத கூட்டாளி. பூனை கொஞ்சம் சிக்கலானது: வில்லன் பக்கத்துக் கூலிக்காரனாக வந்து, மனம் மாறி, நாயகனுக்காக நிற்கிற ஆள். மெலோடிராமாவில் இந்தத் திருந்திய உடந்தை இல்லாமல் பல கதைகள் முடிவுக்கே வராது, ஏனென்றால் வில்லனின் ரகசியத்தை அறிந்து வெளியே சொல்லக்கூடியவர் அவர்தான். ஆனால் பூனையிடம் நான் காட்ட விரும்புவது கண். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணைப் பெரிதாக்கி, ஒரு வார்த்தை பேசாமல் நிற்கும். காவலர்கள் உருகிப்போவார்கள், அடுத்த நொடி பாய்ந்துவிடும். பேசாத பாத்திரத்தின் பரிதாபம் என்பது மெலோடிராமாவின் மிகப் பழைய ஆயுதம். ஊமைகள், குழந்தைகள், ஏன், நாய்கள்கூட அந்த மேடையில் முக்கியப் பாத்திரங்கள். 1814-இல் பிக்ஸெரெகூரின் ஒரு நாடகத்தில் கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கும் முக்கிய சாட்சி ஒரு நாய். பூனை அந்த ஆயுதத்தை எடுத்து ‘பாருங்கள், இது வெறும் தந்திரம்’ என்று நமக்குக் காட்டிவிட்டே பயன்படுத்துகிறது. தந்திரம் என்று தெரிந்தும் திரையரங்கில் எல்லாரும் ‘ஐயோ பாவம்’ என்று குழைகிறார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிடச் சின்ன, இதைவிடத் தெளிவான விடை படத்தில் இல்லை. கேலி செய்வதால் உணர்ச்சி செயலிழப்பதில்லை.

மற்ற வழக்கங்களை வேகமாகக் கடக்கலாம். ஃபியோனாவின் பழைய டைரியை ஷ்ரெக் தனியாக இருக்கும்போது படித்துக் குமைவது, கைக்குக் கிடைத்த கடிதம் என்ற வழக்கம். மதுக்கடை ஜன்னலில் நின்று ராஜாவும் காட்மதரும் பேசுவதை ஒட்டுக்கேட்பது இன்னொன்று. முதல் படத்தில் ஷ்ரெக் பாதிப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு மனம் உடைந்தான், இங்கே முழுத் திட்டத்தையும் கேட்டும் சொல்ல முடியாமல் கைதாகிறான். இரண்டும் ஒரே வழக்கத்தின் இரு முனைகள். தேநீரில் கலக்க வேண்டிய மருந்து, மந்திரத்தால் ஷ்ரெக்கும் ஃபியோனாவும் மனித உருவம் பெற்றிருக்க சார்மிங் தான்தான் ஷ்ரெக் என்று நடிக்கும் ஆள்மாறாட்டம், நள்ளிரவுக்குள் முத்தம் என்ற கெடு, சிறை உடைப்பு. இவற்றை ஒவ்வொன்றாக விளக்கி இடத்தை நிரப்பாதீர்கள், ஒரு வாக்கியம் போதும்.

கோட்டையைத் தாக்கும் பகுதிக்கு மட்டும் நேரம் கொடுங்கள். உள்ளே காட்மதர் மேடையில் பாடுகிறாள், வெளியே ராட்சத இஞ்சி ரொட்டி மனிதன் அகழியைத் தாண்ட முயல்கிறான், நடுவில் சார்மிங் ஃபியோனாவை ஆடவைத்துக்கொண்டிருக்கிறான். வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். நாயகன் வேண்டும் என்று பாடுகிறவள் வில்லி என்பதில் ஒரு முரண்நகை, அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாளமும் காட்சி வெட்டும் சேர்ந்து செய்கிற காரியம் பழைய பரபரப்புக் காட்சி செய்தது எதுவோ அதேதான்: வருவாரா, நேரத்துக்கு வருவாரா? பெரிய இயந்திரங்களை வைத்துத் தீ, வெள்ளம், ரயில் எல்லாம் மேடையில் காட்டிய காலத்தின் நேர் வாரிசு இது.

ரயில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மீசை முறுக்கும் வில்லன் பெண்ணைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுவதுதான் மெலோடிராமா என்று எல்லார் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. அகஸ்டின் டேலியின் ‘அண்டர் த கேஸ்லைட்’ 1867-இல் நியூயார்க்கில் மேடையேறியபோது தண்டவாளத்தில் கட்டப்பட்டவர் ஒரு ஆண், ஒரு கையை இழந்த முன்னாள் சிப்பாய். பூட்டிய அறையைக் கோடரியால் உடைத்துக்கொண்டு வந்து அவரைக் காப்பாற்றியது நாயகி லாரா. கட்டப்பட்ட பெண் என்ற உருவம் நம் தலையில் இவ்வளவு ஆழமாகப் பதிய 1913-இல் மாக் சென்னட் எடுத்த ‘பார்னி ஓல்ட்ஃபீல்ட்ஸ் ரேஸ் ஃபார் எ லைஃப்’ மாதிரி மௌனப் படங்களும், பின்னால் வந்த கார்ட்டூன்களும் உதவின. அவையோ கேலிகள். மெலோடிராமா என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு அதன் கேலிச்சித்திரத்திலிருந்தே வந்தது. கேலி என்பது வெளியே நின்று கல் எறிகிற ஆள் இல்லை, அந்தக் குடும்பத்திலேயே வளர்ந்தது. 2005-இல் வந்த ‘ஹுட்விங்க்ட்’ படத்தில் முயல் வில்லன் சிவப்புத் தொப்பிக்காரியைக் கட்டி, வெடி நிரப்பிய கேபிள் காரில் ஏற்றி மலையிலிருந்து அனுப்புகிறான். தண்டவாளம் இன்னும் ஓய்வு பெறவில்லை.

உச்சக்காட்சியில் ஹெரால்ட் குறுக்கே பாய்ந்து மந்திரத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறார். காட்மதர் குமிழிகளாகச் சிதறுகிறாள், அவர் தவளையாகிறார். அந்த இடத்தில் பூனை ஒரு சிலேடை ஜோக் அடிக்கிறது, அரங்கம் சிரிக்கிறது, உடனே அவர் மன்னிப்புக் கேட்கிறார், மனைவி லில்லியன் அவரை அப்படியே ஏற்றுக்கொள்கிறாள். அந்த மன்னிப்பை யாரும் கிண்டல் செய்வதில்லை. வரிசையைப் பாருங்கள்: முதலில் ஜோக், பிறகு உணர்ச்சி. மாற்றிப் போட்டிருந்தால் ஜோக் உணர்ச்சியைக் கொன்றிருக்கும். இப்படி வைக்கும்போது ‘இதற்கெல்லாம் உருகமாட்டேன்’ என்று விறைப்பாக உட்கார்ந்திருக்கும் பார்வையாளரைக்கூடச் சிரிப்பு தளர்த்திவிடுகிறது.

ஒப்பீட்டுக்கு வேறு படம் வேண்டுமென்றால் இரண்டு சொல்கிறேன். 2022-இன் ‘புஸ் இன் பூட்ஸ்: த லாஸ்ட் விஷ்’ படத்தில் ஜாக் ஹார்னர் என்ற வில்லன் வருகிறான். மனசாட்சி வேலை பார்க்கும் பூச்சி ஒன்று அவனிடம் நல்லது ஏதாவது இருக்குமா என்று தோண்டித் தோண்டிப் பார்க்கும். சின்ன வயதில் பாசமான பெற்றோர், வசதி, எந்தக் குறையும் இல்லை. அவன் கெட்டவன், அவ்வளவுதான். வில்லனுக்கு மனோதத்துவக் காரணம் தேடும் இன்றைய பழக்கத்தை நக்கலடித்துவிட்டு மெலோடிராமா வில்லனை அப்படியே திரும்பக் கொண்டுவருகிறார்கள். மறுபக்கம் 2013-இன் ‘ஃபுரோசன்’. அதில் ஹான்ஸ் கெட்டவன் என்பது கதாபாத்திரங்களுக்கு மட்டுமில்லை, நமக்கும் மறைக்கப்படுகிறது. இது மெலோடிராமா வழக்கத்துக்கு எதிர். மெலோடிராமாவில் பார்வையாளருக்கு முன்பே தெரியும், மேடையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. அந்தத் தவிப்பில்தான் காட்சி நிற்கிறது. ‘ஷ்ரெக் 2’ இதில் பழைய வழியில்தான் போகிறது.

இதுவரை சொன்னதில் நாடக வரலாற்று விவரங்களும் படத்தில் கண்ணுக்குத் தெரிவதும் உறுதியானவை. வில்லியை வார்ப்பின் காவலாளி என்று படிப்பது என் விளக்கம், நல்ல விளக்கம் என்று நினைக்கிறேன், ஆனால் விளக்கம்தான். பரம்பரை பற்றிய பேச்சு இன்னும் தளர்வானது. கழுதையும் பூனையும் இத்தாலிய முகமூடி நாடகமான கொமேதியா தெல்லார்ட்டேயின் வேலைக்காரப் பாத்திரங்களின் வாரிசுகள் என்று எழுதும் கட்டுரைகள் நிறைய வரும். சாயல் உண்டு, நேர்க்கோடு போடுவது கஷ்டம். அதைவிட நெருக்கமான உறவுக்காரர் என்று நான் காட்டுவது ஆங்கில நாடகாசிரியர் பிளாஞ்சேயை. 1836-இல் லண்டன் ஒலிம்பிக் அரங்கில் அவர் போட்ட ‘ரிக்கே வித் த டஃப்ட்’ பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் தேவதைக் கதை ஒன்றைச் சிலேடையும் சமகாலக் கிண்டலும் கலந்து மேடையேற்றியது. அதில் நாயகன் அவலட்சணமான இளவரசன். தேவதைக் கதைக்குள் இன்றைய ஊரைக் கொண்டுவந்து சிரிக்கவைக்கும் வித்தை அப்போதே பழகிவிட்டது. இதுவும் ஒற்றுமைதான், தொடர்ச்சிக்கு ஆதாரமாக எழுதிவிடாதீர்கள்.

கட்டுரைக்கு என்று கேட்டால், ஹெரால்டை நடுவில் வையுங்கள், வண்டிக் காட்சியையும் தவளைக் காட்சியையும் மட்டும் விரிவாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியை ஒருமுறை ஒலியை நிறுத்திப் பார்த்தால் யார் எந்தப் பக்கம் என்பது உடம்புகளின் நிற்பிலேயே எவ்வளவு தெரிகிறது என்று புரியும், அந்தக் குறிப்புகள் வரலாற்றுப் பத்தியைவிட உங்களுக்கு உதவும். ஃபியோனா விஷயத்தில் நீங்கள் என்னோடு மோதலாம். அவள் அடிதடி தெரிந்தவள், சார்மிங் முத்தமிட்டதும் தலையால் முட்டித் தள்ளுகிறாள், நள்ளிரவில் ராட்சத உருவத்தையே தேர்ந்தெடுக்கிறாள். எல்லாம் சரி. ஆனால் கதை அமைப்பில் இரண்டு தரப்பும் இழுக்கும் கயிறாகத்தான் அவள் பெரும்பாலும் இருக்கிறாள், அவளைச் சுற்றி நடக்கும் சதி படத்தின் முக்கால்வாசி நேரம் அவளுக்கே தெரியாது, அந்த வகையில் பழைய மேடையின் துன்பப்படும் நாயகிக்கு அவள் வெகு பக்கத்தில் நிற்கிறாள் என்பது என் கருத்து. முதல் படத்தில் அவள் தனி ஆளாக ராபின் ஹூட் கூட்டத்தை அடித்துப் போடுவதை வைத்து இதை மறுக்க முடியுமா என்று பாருங்கள். எனக்கு அது போதுமான மறுப்பாகத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் அதையே கட்டுரையாக எழுதலாம்.